நடுவர் சொன்ன அந்த மூன்று எழுத்து என்ன? கூடைப்பந்து நடுவர்களின் சுருக்கக் குறிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆட்டம் முடிந்து நடுவர்கள் தண்ணீர் குடித்தபடி பேசிக்கொள்வதைப் பக்கத்தில் நின்று கேட்டவர்கள் திகைத்திருப்பார்கள். "எல்.ஜி.பி. இல்லை, ஃபவுல் சரிதான். ஆனால் ஏ.ஓ.எஸ். இல்லை, த்ரோ இன் போதும்" என்பார் ஒருவர். "அது லீடுக்கு உரியது, சென்டர் ஏன் ஊதினார்?" என்பார் மற்றவர். பேசுவது கூடைப்பந்துதான் என்பது மட்டும் புரியும்.

பல ஆண்டுகள் ஸ்கோர் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன், விசிலும் ஊதியிருக்கிறேன். வீரர்களும் பெற்றோரும், நடுவர் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். இந்தியாவில் நாம் ஆடுவது சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிகளின்படி. ஆகவே பதில்களும் பெரும்பாலும் அதையொட்டியே இருக்கும். அமெரிக்க வழக்கு வேறுபடும் இடங்களைத் தனியே சொல்கிறேன்.

இவ்வளவு சுருக்கங்கள் எதற்கு? முழுதாகச் சொன்னால் என்ன?

மேலே சொன்ன முதல் பேச்சை விரித்துப் பார்ப்போம். "தடுத்தவர் விதி கேட்கும் முறையான காப்பு நிலைக்கு வந்துசேரவில்லை, ஆகவே அவர்மீது ஃபவுல் கொடுத்தது சரி. ஆனால் பந்து வைத்திருந்தவர் கூடையை நோக்கி எறியும் செயலை, அதாவது ஏ.ஓ.எஸ்.ஐ, இன்னும் தொடங்கவில்லை, ஆகவே யாரும் தடுக்காமல் கூடைக்கு எறியும் ஃப்ரீ த்ரோ கிடையாது, வெளியிலிருந்து பந்தை உள்ளே எறிந்து ஆட்டத்தைத் தொடரலாம்." விசில் ஊதியபின் இரண்டு நடுவர்கள் நெருங்கி வந்து இதைப் பேசி முடிக்கச் சில விநாடிகள்தான் கிடைக்கும். அரங்கம் கத்திக்கொண்டிருக்கும், பயிற்சியாளர்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த இடத்தில் ஆறு எழுத்துகள் பெரும் உதவி.

இன்னொரு காரணம் காகிதம். ஸ்கோர் ஷீட்டில் ஒரு வீரரின் ஃபவுலுக்கு ஒதுக்கப்பட்டிருப்பது விரல் நுனி அளவுள்ள சின்னக் கட்டம். அதில் வாக்கியம் எழுத முடியாது.

மூன்றாவது காரணம் எனக்குப் பிடித்தது. நல்ல சுருக்கம் ஒவ்வொன்றும் ஒரு விதிக்கு நேரே கைகாட்டும். "கொஞ்சம் இடித்த மாதிரி இருந்தது" என்ற பேச்சை விட்டு "எந்த விதியின்படி?" என்று கேட்கவைக்கும். சுருக்கங்களை நான் மதிப்பது இதற்காகத்தான். நான்காவதாக ஒன்றும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை: சிலர் தாங்கள் உள்வட்டத்து ஆட்கள் என்று காட்டிக்கொள்ளவும் இவற்றைப் பயன்படுத்துகிறார்கள். புதிதாக வருபவர் கேட்கக் கூச்சப்பட்டுத் தலையாட்டிவிட்டுப் போகிறார். அவர் பிழை செய்வது அங்கேதான் தொடங்குகிறது.

விதி விளக்கங்களில் வரும் ஏ1, பி1 என்பவர்கள் யார்?

யாருமில்லை. "ஏ1 டிரிபிள் செய்கிறார் (பந்தைத் தரையில் தட்டியபடி போகிறார்), பி1 அவர் வழியில் வந்து நிற்கிறார்" என்றால், ஓர் அணியின் ஒரு வீரர், எதிரணியின் ஒரு வீரர் என்று மட்டும் பொருள். சட்டைக்குப் பின்னால் உள்ள எண்ணோடு இதற்குத் தொடர்பில்லை.

ஸ்கோர் ஷீட்டில் வரும் அணி ஏ, அணி பி வேறு. அங்கே ஏ என்பது அட்டவணையில் முதலில் பெயர் வந்த அணி, அதாவது சொந்த மைதானத்து அணி. வெளிர் நிறச் சட்டை அணிவது அவர்களே. விளக்க நூலைப் படிக்கும்போது ஏ என்றதும் வெள்ளைச் சட்டையை நினைத்துக்கொள்ளாதீர்கள்.

சி.சி., யூ1, யூ2 யார்? லீட், டிரெயில், சென்டர் என்பதும் அவர்கள்தானா?

ஆட்கள் அவர்கள்தான். முன்னது பொறுப்பின் பெயர், பின்னது நிற்கும் இடத்தின் பெயர். சி.சி. என்றால் க்ரூ சீஃப், அதாவது தலைமை நடுவர். யூ1, யூ2 என்பவர்கள் உடன் நிற்கும் அம்பயர்கள். தொடக்க விசில் முதல் கடைசி விசில்வரை இந்தப் பொறுப்புகள் மாறுவதில்லை.

இடங்கள் மாறிக்கொண்டே இருக்கும். கூடைக்குப் பின்னால் எல்லைக்கோட்டில் நிற்பவர் லீட். ஆட்டத்துக்குப் பின்னால், நடுக்கோட்டை ஒட்டி வருபவர் டிரெயில். எதிர்ப்பக்க ஓரத்தில், ஏறத்தாழ ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு நேரே நிற்பவர் சென்டர். பந்து மறுமுனைக்குப் பாய்ந்ததும் டிரெயிலாக இருந்தவர் ஓடிப்போய் லீட் ஆகிறார், லீட் டிரெயில் ஆகிறார், சென்டர் சென்டராகவே ஓடுகிறார். "லீட் ஊதினார்" என்று சொன்னால் அது எந்த ஆள் என்று அந்த நொடியை வைத்துத்தான் சொல்ல முடியும். மூவர் நடத்தும் முறைக்கு 3பி.ஓ. என்றும் இருவர் நடத்தும் முறைக்கு 2பி.ஓ. என்றும் பெயர். இருவர் முறையில் சென்டர் என்ற இடமே கிடையாது.

அமெரிக்கப் பள்ளி ஆட்டங்களில் சி.சி.க்குப் பதில் ஆர். என்பார்கள், ரெஃப்ரி என்பதன் முதலெழுத்து. ரெஃப்ரி, அம்பயர் என்ற இந்த இரட்டைப் பெயர் ஆட்டத்தோடு பிறந்தது. 1891 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நைஸ்மித் இந்த ஆட்டத்தை உருவாக்கினார். அடுத்த மாதம் அச்சான அவருடைய 13 விதிகளில் அம்பயர் ஆட்களைப் பார்ப்பவர், ரெஃப்ரி பந்தைப் பார்ப்பவர். ஃபவுல்களைக் குறிப்பது அம்பயர் வேலை, பந்து எப்போது ஆட்டத்தில் இருக்கிறது, யாருக்கு உரியது என்று சொல்வதும் நேரம் பார்ப்பதும் ரெஃப்ரி வேலை. இன்று இருவரும் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். அந்தப் பிரிவினை போய்விட்டது, எழுத்து மட்டும் நிற்கிறது.

மூன்றாவது ஆள் வந்தது மிகவும் பிந்தி. அமெரிக்கத் தொழில்முறை லீகான என்.பி.ஏ. 1978-79 பருவத்தில் மூவரை வைத்துப் பார்த்து, அடுத்த பருவமே இருவருக்குத் திரும்பியது. 1988-89 முதல்தான் மூவர் நிலைத்தார்கள்.

ஸ்கோர் ஷீட்டில் ஃபவுல் கட்டங்களில் உள்ள எழுத்துகளை எப்படிப் படிப்பது?

இதைப் பெற்றோரும் தெரிந்துகொள்வது நல்லது. தன் பிள்ளை ஏன் வெளியேற்றப்பட்டான் என்பதற்கான விடை பெரும்பாலும் அந்தத் தாளிலேயே இருக்கும்.

ஒவ்வொரு வீரருக்கும் ஐந்து கட்டங்கள். பர்சனல், அதாவது எதிராளியை உடலால் முறைதவறித் தொடும் ஃபவுல் என்றால் பி. டெக்னிக்கல், அதாவது தொடுகையில்லாத நடத்தைத் தவறு என்றால் டி. அன்ஸ்போர்ட்ஸ்மேன்லைக், அதாவது ஆட்டப் பண்புக்கு ஒவ்வாத ஃபவுல் என்றால் யூ. டிஸ்குவாலிஃபையிங், அதாவது உடனே வெளியேற்றும் ஃபவுல் என்றாலும் டி. அந்த ஃபவுலால் எதிரணிக்கு எத்தனை ஃப்ரீ த்ரோ கிடைத்ததோ அந்த எண் பக்கத்தில் சிறியதாக வரும். எண் இல்லாவிட்டால் ஃப்ரீ த்ரோ இல்லை. இரண்டு அணிக்கும் சமமான தண்டனை விழுந்து ஒன்றையொன்று அழித்துக்கொண்டால், எண்ணுக்குப் பதில் சின்ன சி எழுத்து வரும்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு வீராங்கனையின் கட்டங்களில் வரிசையாக பி, பி2, யூ2, டெக்னிக்கலுக்குரிய டி1 என்று இருக்கிறது, ஐந்தாவதில் ஜி.டி. என்றிருக்கிறது. முதல் ஃபவுலுக்கு ஃப்ரீ த்ரோ இல்லை. இரண்டாவது, எறியும்போது செய்த ஃபவுலாக இருக்கலாம், அல்லது அந்தக் காலாட்டத்தில் (ஆட்டத்தின் நான்கு பகுதிகளில் ஒன்றில்) அவருடைய அணி நான்கு ஃபவுலைத் தாண்டியிருக்கலாம். எதுவாயினும் இரண்டு எறிதல்கள். பிறகு ஓர் அன்ஸ்போர்ட்ஸ்மேன்லைக், ஒரு டெக்னிக்கல். இந்த இரண்டும் சேர்ந்துவிட்டதால், ஐந்து ஃபவுல் ஆகாமலே அவர் வெளியேற வேண்டும். ஜி.டி. என்பது அதைக் குறிக்கும் எழுத்து: ஆட்டத்திலிருந்து வெளியேற்றம். இரண்டு டெக்னிக்கலோ இரண்டு அன்ஸ்போர்ட்ஸ்மேன்லைக்கோ சேர்ந்தாலும் இதே முடிவுதான். "அவளுக்கு நாலு ஃபவுல்தானே, ஏன் அனுப்புகிறீர்கள்?" என்று மேசைக்கு ஓடி வரும் அப்பாக்களுக்கு நான் இந்தக் கட்டங்களைத்தான் விரல் வைத்துக் காட்டுவேன். பார்த்ததும் அமைதியாகிவிடுவார்கள்.

பயிற்சியாளரின் வரிசையில் வேறு எழுத்துகள். அவரே முறைதவறி நடந்தால் சி. பெஞ்சில் இருப்பவர் நடத்தைக்காக அவர் கணக்கில் ஏறினால் பெஞ்சுக்குரிய பி. இரண்டு சி சேர்ந்தால் அவர் வெளியேற வேண்டும். பெஞ்சுக் கணக்கில் வருபவை மூன்று சேர்ந்தாலோ, அந்த மூன்றில் ஒன்று சி ஆக இருந்தாலோ அப்போதும் அப்படியே.

நிறத்துக்கும் பொருள் உண்டு. முதலாம், மூன்றாம் காலாட்டங்களுக்குச் சிவப்பு மை, இரண்டாம், நான்காம் காலாட்டங்களுக்கு நீலமோ கறுப்போ. எந்த ஃபவுல் எப்போது விழுந்தது என்பதை அதை வைத்தே சொல்லிவிடலாம்.

தமிழில் எழுதினால் எல்லாம் குழம்பிவிடுமே?

குழம்பும். மேலே உள்ள பதிலைப் படித்தபோதே உணர்ந்திருப்பீர்கள். நம் எழுத்தில் பகரம் ஒன்று, டகரம் ஒன்று. பர்சனலுக்கும் பெஞ்சுக்கும் ஒரே பி, டெக்னிக்கலுக்கும் டிஸ்குவாலிஃபையிங்குக்கும் ஒரே டி. ஆங்கில நெடுங்கணக்கில் பர்சனலின் பி 16ஆம் எழுத்து, பெஞ்சின் பி 2ஆம் எழுத்து. டெக்னிக்கலின் டி 20ஆம் எழுத்து, டிஸ்குவாலிஃபையிங்கின் டி 4ஆம் எழுத்து. தமிழில் எழுதினால் இந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது. எதிரணியின் முதல் வீரரும் பி1, ஒரு ஃப்ரீ த்ரோ தரும் பர்சனல் ஃபவுலும் பி1, பெஞ்ச் டெக்னிக்கலும் பி1.

தாளில் எல்லோரும் ஆங்கில எழுத்தே எழுதுவதால் அங்கே ஆபத்தில்லை. வகுப்பிலும், கைப்பேசியில் தமிழில் அனுப்பும் குறிப்புகளிலும்தான் ஆபத்து. ஒருவருடைய நடத்தை பற்றிய குறிப்பில் டெக்னிக்கல் என்பது டிஸ்குவாலிஃபையிங் என்று படிக்கப்பட்டால், அடுத்த ஆட்டத்தில் அவர் ஆடலாமா கூடாதா என்ற கேள்விவரை போகும். ஆகவே என் வழக்கம் இது: தமிழில் எழுதும்போது தனி எழுத்தை விடுவதில்லை. "டெக்னிக்கல், ஒரு ஃப்ரீ த்ரோ" என்று முழுதாக எழுதுவேன். பேசும்போது "பர்சனல் பி", "பெஞ்ச் பி" என்று முன்னொட்டு சேர்ப்பேன். எழுத்தைச் சுருக்கப் போய்ப் பொருளை இழப்பதைவிட இரண்டு சொல் கூடுதலாகப் போகட்டும்.

ஒரே குறிக்குப் பல பொருள் இருப்பது தமிழில் மட்டும்தானா?

இல்லை, ஆங்கிலத்திலும் உண்டு. சி1 என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கோர் ஷீட்டில் அது பயிற்சியாளருக்குக் கொடுத்த டெக்னிக்கல், ஒரு ஃப்ரீ த்ரோவுடன். நடுவர்கள் வீடியோ பார்த்துப் பேசும்போது அதே சி1 அன்ஸ்போர்ட்ஸ்மேன்லைக் ஃபவுலின் முதல் அளவுகோல், அதாவது பந்தை ஆடும் முறையான முயற்சியே இல்லாத தொடுகை. வெறும் சி என்றால் சென்டர் நடுவர். யூ1 ஒரு நடுவர், யூ1 ஒரு ஃபவுல். டி.ஓ. என்றால் சிலருக்கு டைம் அவுட், சிலருக்கு மேசை அலுவலர்கள், புள்ளிவிவரம் எடுப்பவருக்கு டர்ன்ஓவர், அதாவது பந்தை எதிரணியிடம் இழப்பது.

பெரிய மோதல் சி.சி.யில். ஃபிபா வழக்கில் அது தலைமை நடுவர். என்.பி.ஏ. 2015 மார்ச் முதல் நெருக்கமான ஆட்டங்களின் கடைசி இரண்டு நிமிடத் தீர்ப்புகளை ஆராய்ந்து அறிக்கை வெளியிடுகிறது. அந்த அறிக்கைக்கே எல்.2.எம். என்று பெயர். அதில் ஊதியது சரி என்றால் சி.சி., ஊதாமல் விட்டது சரி என்றால் சி.என்.சி., ஊதியது தவறு என்றால் ஐ.சி., ஊதாமல் விட்டது தவறு என்றால் ஐ.என்.சி. இவ்வளவு வெளிப்படையாகத் தன் நடுவர்களின் பிழையைப் பொதுவில் வைப்பதை நான் மதிக்கிறேன். அந்த நான்கு குறிகளும் கற்றுக்கொள்ளத் தக்கவை, குறிப்பாக இரண்டாவது. ஊதாமல் விட்டதும் ஒரு தீர்ப்புதான் என்று அது சொல்கிறது. ஆனால் அதைப் படித்துவிட்டு வந்து நம்மூர் நடுவரிடம் "அது சி.சி.யா?" என்று கேட்டால், அவர் தன் தலைமை நடுவரைத் தேடுவார்.

எந்த விதிப்புத்தகத்தை வைத்துப் பேசுகிறோம் என்று முதலிலேயே சொல்லிவிடுவது ஒன்றே வழி.

எல்.ஜி.பி. என்றால் என்ன? அசையாமல் நின்றால் தடுப்பவர்மீது ஃபவுல் கிடையாது என்பது சரியா?

இந்த மூன்றெழுத்தைப் போல அதிகம் உச்சரிக்கப்பட்டு, அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது வேறில்லை. லீகல் கார்டிங் பொசிஷன், முறையான காப்பு நிலை. அதை அடைய இரண்டே நிபந்தனைகள்: எதிராளியை முகம் பார்த்து இருக்க வேண்டும், இரண்டு பாதமும் தரையில் இருக்க வேண்டும்.

"அசையாமல்" என்ற சொல் அதில் இல்லை. நிலையை அடைந்தபின் அதைக் காத்துக்கொள்வதற்காகப் பக்கவாட்டில் நகரலாம், பின்னால் போகலாம், தன் இடத்துக்கு நேர் மேலே குதிக்கலாம். மோதல் வந்த நொடியில் ஒரு கால் காற்றில் இருந்தாலும் பரவாயில்லை. முன்னோக்கிப் பாய்ந்து இடிக்கக் கூடாது, கையையோ காலையோ நீட்டி வழியை மறிக்கக் கூடாது. மார்பில் மோதல் விழுந்தால் பெரும்பாலும் தடுப்பவர் முன்பே அங்கு வந்துவிட்டார் என்று பொருள், தோளிலோ இடுப்பிலோ விழுந்தால் அவர் பிந்திவிட்டார் என்று பொருள். இது விதியன்று, மைதானத்தில் கண்ணுக்கு உதவும் ஓர் அடையாளம்.

பந்து வைத்திருப்பவரைத் தடுக்கும்போது நேரம், தூரம் என்ற சலுகை அவருக்குக் கிடையாது. பந்து வைத்திருப்பவர் எந்த நொடியிலும் தடுக்கப்படலாம் என்று எதிர்பார்த்தே ஓட வேண்டும். பந்தில்லாமல் ஓடுபவருக்கு அந்தச் சலுகை உண்டு. நிற்கவோ திசை மாறவோ அவருக்கு இடம் விட வேண்டும், எவ்வளவு குறைந்தாலும் ஒரு சாதாரண அடி. காற்றில் எழும்பியவருக்கோ இறங்க இடம் வேண்டும். அவர் எழும்பியபின் அவர் இறங்கும் இடத்தில் போய் நிற்பது ஆபத்து, கணுக்கால்கள் அங்கேதான் உடைகின்றன.

இவ்வளவும் அந்த மூன்றெழுத்துக்குள் இருக்கின்றன. "எல்.ஜி.பி. இருந்தது" என்று ஒரு புதிய நடுவர் சொன்னால், நான் அடுத்துக் கேட்பது "எப்போது அடைந்தார்?" என்பதே. அதற்குப் பதில் சொல்ல முடிந்தால்தான் அவர் ஆட்டத்தைப் பார்த்திருக்கிறார்.

ஆர்.எஸ்.பி.கியூ. என்று ஒன்று சொல்கிறார்களே?

ரிதம், ஸ்பீட், பேலன்ஸ், குவிக்னெஸ். லயம், வேகம், சமநிலை, விரைவு. அமெரிக்காவில் பரவி, இப்போது உலகெங்கும் நடுவர் வகுப்புகளில் ஒலிக்கும் குறி இது. சிலர் எஸ்.கியூ.பி.ஆர். என்று வரிசை மாற்றிச் சொல்வார்கள், பொருள் ஒன்றே.

பந்தோடு போகிறவர்மீது தடுப்பவரின் கை படுகிறது. எல்லாத் தொடுகையும் ஃபவுல் ஆகாது, அப்படி ஊதினால் ஆட்டமே நடக்காது. எனவே கையைப் பார்க்காமல் அதன் விளைவைப் பார்க்கச் சொல்கிறது இந்தக் குறி. தொட்டதால் அவருடைய காலடியின் லயம் குலைந்ததா, ஓடும் வேகம் குறைந்ததா, சமநிலை தவறியதா, சட்டென்று திரும்பும் விரைவு போயிற்றா? நான்கில் ஒன்று பாதிக்கப்பட்டாலும் ஊத வேண்டும். வேகத்தையும் விரைவையும் ஏன் பிரித்தார்கள் என்று கேட்பார்கள். வேகம் ஓடிக்கொண்டிருப்பது, விரைவு முதல் அடியில் வெடிப்பது. தடுப்பவரின் கை பெரும்பாலும் திருடுவது இரண்டாவதைத்தான்.

இதில் விதிவிலக்கும் தெரிந்திருக்க வேண்டும். பந்து வைத்திருப்பவரின் இடுப்பில் கையை வைத்து வைத்தபடியே இருப்பதும், மீண்டும் மீண்டும் தொடுவதும் தனியே ஃபவுல்களாகவே வரையறுக்கப்பட்டுள்ளன. அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் ஆட்டத்தில் 2013-14 பருவத்தில் இதை மிகக் கடுமையாக்கினார்கள். அங்கே விளைவு தெரியும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

வீரரிடமும் பயிற்சியாளரிடமும் நடுவர் இந்தச் சுருக்கங்களில் பேசலாமா?

கூடாது. இதை நான் உறுதியாகச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பள்ளி மாணவிகள் ஆடிய ஓர் ஆட்டத்தில் நான் மேசையில் இருந்தேன். ஒரு சிறுமி தடுக்கும்போது எதிராளியின் இடுப்பில் கை வைத்துக்கொண்டே நகர்ந்தாள், நடுவர் ஊதினார். "என்ன ஃபவுல், சார்?" என்று பயிற்சியாளர் பணிவாகவே கேட்டார். "ஆர்.எஸ்.பி.கியூ., சார்" என்றார் நடுவர், ஓடிவிட்டார். பயிற்சியாளர் தலையாட்டினார். அடுத்த சில நிமிடங்களில் அதே சிறுமி, அதே கை, அதே ஃபவுல், இரண்டு முறை. ஐந்தாவது விழுந்து வெளியே போகும்போது மேசையருகே நின்று, "அண்ணா, நான் என்ன தப்பு செய்தேன்?" என்று கேட்டாள். கண்ணில் நீர். நடுவர் கொடுத்த தீர்ப்பு ஒவ்வொன்றும் சரிதான். "கையை எடுத்துவிட்டுக் காலால் தடு, அம்மா" என்று ஒருவர் முதல் முறையே சொல்லியிருந்தால் அவள் கடைசிவரை ஆடியிருப்பாள்.

விதிகளே இந்தப் பக்கம்தான் நிற்கின்றன. 2022 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த ஃபிபா விதிகளில் தலைமைப் பயிற்சியாளர் ஒரு தீர்ப்பை வீடியோவில் மறுபார்வை செய்யக் கேட்கும் உரிமை சேர்ந்தது. நடுவர்கள் அதை எச்.சி.சி. என்பார்கள், வீடியோ ஏற்பாட்டை ஐ.ஆர்.எஸ். என்பார்கள். ஆனால் பயிற்சியாளர் கேட்கும் முறை என்ன? "சேலஞ்ச்" என்ற சொல்லை உரக்கச் சொல்லி, கைகளால் காற்றில் ஒரு செவ்வகம் வரைய வேண்டும். எல்லோருக்கும் விளங்கும் ஒரு முழுச் சொல், எல்லோருக்கும் தெரியும் ஒரு சைகை. ஆட்டத்துக்கு ஒரே முறைதான் கிடைக்கும் உரிமையை மூன்றெழுத்தில் முணுமுணுக்க விடவில்லை.

அப்படியென்றால் பார்வையாளர்களுக்கான சுருக்கம் எது?

கைச் சைகை. ஃபவுல் ஊதிய நடுவர் மேசையை நோக்கி வந்து முதலில் வீரரின் எண்ணைக் காட்டுகிறார், பிறகு ஃபவுலின் வகையை, பிறகு தண்டனையை. மூன்று அசைவில் முழு வாக்கியமும் முடிந்துவிடும், மொழி தெரியாதவருக்கும் புரியும்.

இந்தச் சைகைகள் சட்டை எண்களையே ஆண்டிருக்கின்றன. நம் பள்ளி அணிகளின் பழைய சட்டைகளைப் பாருங்கள், 4 முதல் 15 வரைதான் இருக்கும். 2014 வரை ஃபிபாவின் போட்டிகளில் அவையே அனுமதிக்கப்பட்ட எண்கள். அமெரிக்கக் கல்லூரிகளில் வேறு கட்டுப்பாடு: 0 முதல் 5 வரை உள்ள இலக்கங்களில் அமைந்த எண்கள் மட்டும். ஒரு கையில் ஐந்து விரல்தானே, நடுவர் எளிதாகக் காட்ட வேண்டும் என்பதற்காக. 23 இருக்கும், 27 இருக்காது. 2023-24 பருவத்தில்தான் அங்கே 0 முதல் 99 வரை திறந்துவிட்டார்கள்.

ஏ.பி. என்பது?

ஆல்டர்னேட்டிங் பொசெஷன். இருவர் பந்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தால் ஒவ்வொரு முறையும் மேலே எறியாமல், மேசையில் உள்ள அம்புக்குறி காட்டும் அணிக்குக் கொடுத்துவிட்டு அம்பைத் திருப்புவது. அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் 1981-82 முதல் இருக்கிறது, ஃபிபாவிலும் இருக்கிறது. என்.பி.ஏ.யில் இல்லை, அங்கே இன்றும் பந்தை மேலே எறியும் ஜம்ப் பால்தான்.

ஃபிபா என்பதே ஒரு சுருக்கம்தானே?

ஆம். 1932இல் ஜெனீவாவில் தொடங்கியபோது பெயரின் முடிவில் அமெச்சூர் என்ற சொல் இருந்தது, கடைசி ஏ அதற்குரியது. 1989இல் அந்தச் சொல்லை எடுத்துவிட்டார்கள், நான்கெழுத்தை மட்டும் மாற்றவில்லை. இப்போது கடைசி இரண்டெழுத்தும் பாஸ்கெட்பால் என்பதன் முதல் இரண்டெழுத்து என்று கொள்ளப்படுகிறது.

நடுவர் தேர்வுக்குப் படிக்கிறேன். இவற்றையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யாதீர்கள். அப்படிப் படித்தவர்களுக்கு விரிவு தெரியும், விதி தெரியாது. விதிப்புத்தகத்தில் அந்தப் பகுதியை முதலில் முழுதாகப் படியுங்கள், உங்கள் சொந்தத் தமிழில் ஒருவருக்கு விளக்கிப் பாருங்கள், பிறகு எழுத்துகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏ.ஓ.எஸ். எப்போது தொடங்குகிறது என்று தங்கைக்கு விளக்க முடியாதவர் அதை மைதானத்தில் பார்த்துச் சொல்லவும் முடியாது.

ஆட்டத்துக்கு முன் நடுவர்கள் கூடிப் பேசும்போது புரியாத குறி வந்தால் அங்கேயே கேளுங்கள். நல்ல தலைமை நடுவர் கோபிக்க மாட்டார். ஆட்டத்தின் நடுவில் கேட்க முடியாது.

மேசையில் முதல்முறை உட்காருபவருக்கு மூன்று வேலை போதும். ஃபவுல் எழுத்துகள் ஆறையும், ஜி.டி.யையும் ஒரு துண்டுத் தாளில் பொருளோடு எழுதி ஸ்கோர் ஷீட்டின் பக்கத்தில் வையுங்கள். சிவப்புப் பேனா ஒன்றும் நீலப் பேனா ஒன்றும், மாற்றுக்கு இன்னொரு ஜோடியும் கொண்டுபோங்கள். நடுவர் காட்டிய சைகை தெளிவாகத் தெரியாவிட்டால் ஊகித்து எழுதாதீர்கள். பந்து ஆட்டத்துக்குத் திரும்புவதற்குள் அவரை அழைத்து, எண்ணையும் ஃபவுலின் பெயரையும் முழுதாகச் சொல்லச் சொல்லி எழுதுங்கள்.